ஒரு பயத்துக்குப் பெயர் வந்த கதை

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கமிருந்து கொழும்புக்கோ பேராதனைக்கோ மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளையை ஒரு சொல் குடையும்: ‘கோட்டாவில் வந்தவ.’ யாரும் சொல்லாவிட்டாலும் அவளே தனக்குள் சொல்லிக்கொள்வாள். பாஸ் பண்ணினால் அதிர்ஷ்டம். சறுக்கினால் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

இந்தப் பயத்துக்குப் பெயர் வைத்தவர் உளவியலாளர் பாலின் கிளான்ஸ். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைநாட்டில், மர ஆலை நடத்தியவரின் மகள். மேற்படிப்பில் ஒவ்வொரு பரீட்சைக்குப் பிறகும் ‘இம்முறை பெயில்தான்’ என்று நடுங்கியவர். பிறகு ஓபர்லின் கல்லூரியில் வேலை பார்த்தபோது, நல்ல புள்ளி எடுக்கும் மாணவிகளும் அதையே சொல்லக் கேட்டார். கூட வேலை பார்த்த சுசான் ஐம்ஸுக்கும் அந்தப் பயம் பழக்கமானதுதான். சாதித்த பெண்கள் 150க்கும் மேற்பட்டோரிடம் கண்டதை வைத்து இருவரும் 1978இல் கட்டுரை எழுதினார்கள். அதை நோய் என்று அவர்கள் சொல்லவில்லை. அவர்கள் வைத்த பெயரை மாற்றி ‘இம்போஸ்டர் சிண்ட்ரோம்’ (தான் ஒரு போலி என்ற பயம்) என்று உலகம் பின்னால் அழைத்தது.

பயம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் விதத்தை அவர்கள் பிடித்துவிட்டார்கள். பரீட்சை நெருங்குகிறது, பயத்தில் இரவு பகலாகப் படிக்கிறாள், பாஸாகிறாள். பெருமை படிப்புக்குப் போகாமல் பயத்துக்குப் போய்விடுகிறது. அடுத்த முறை பயப்படாமல் இருக்கவே பயம். ‘நல்லா எழுதினேன்’ என்றால் கண்ணூறு பட்டுவிடும் என்று வாயை மூடிக்கொள்ளும் வீடுகளுக்கு இது புதிதல்ல.

மருந்தையும் அவர்களே சொன்னார்கள். ஒன்று, இதே பயம் உள்ளவர்களோடு கூடிப் பேசுவது: கெட்டிக்காரி என்று நாம் நினைப்பவளும் நடுங்குகிறாள் என்று தெரிந்தாலே பாதிப் பாரம் இறங்கும். இன்னொன்று, கிடைத்த பாராட்டையும் அதை எப்படித் தட்டிக்கழித்தோம் என்பதையும் எழுதி வைப்பது.

ஆனால், பயம் முழுவதும் அவளுடையதா? 2021இல் ருச்சிகா துல்ஷ்யான், ஜோடி-ஆன் பியூரி என்ற எழுத்தாளர்கள் இருவரும் இதைத்தான் கேட்டார்கள்: பெண்ணைத் திருத்துவதை விட்டு, அவளை அந்நியமாக்கும் இடத்தைத் திருத்துங்கள் என்றார்கள்.

நம் பிள்ளைக்கு இது அப்படியே பொருந்தும். மருத்துவம் போன்ற துறைகளின் பல்கலைக்கழக இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 மாவட்டங்களுக்கு, 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அவளுடைய ஊர் இருக்கும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. ஆய்வுகூடமும் ஆசிரியரும் எல்லா ஊருக்கும் ஒன்றுபோலக் கிடைக்காததற்கு நாடு செய்த ஈடு அது; பிச்சை அல்ல. அதுவும் வாசல் வரைக்கும்தான். உள்ளே போன பிறகு எல்லோருக்கும் ஒரே வினாத்தாள். இறுதிப் பரீட்சைக்குக் கோட்டா கிடையாது.