கழுத்து வலியும் லேசர் ஒளியும்

கழுத்தில் தொடங்கும் வலி, தோள்பட்டை வழியாக விரல் நுனி வரை மின்சாரம் பாய்வது போல இறங்கும். கூடவே கை மரத்துப் போகும். கழுத்து முள்ளெலும்புகளுக்கு இடையில் இருந்து கைக்குச் செல்லும் நரம்பின் வேர் நசுங்குவதால் வரும் வலி இது.

இந்தக் காரணம் தெளிவாகப் புரிந்தது 20 ஆம் நூற்றாண்டில்தான். 1943 ல் செம்ஸ், மர்ஃபி என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், இதய நோய் போலத் தோன்றிய நான்கு பேரின் வலிக்கு உண்மையில் கழுத்து வட்டு பிதுங்கியதே காரணம் என்று எழுதினார்கள். அடுத்த ஆண்டே ஸ்பர்லிங், ஸ்கோவில் இருவரும் ஒரு எளிய சோதனையைச் சொன்னார்கள். தலையை வலிக்கும் பக்கமாகச் சாய்த்து மெதுவாக அழுத்தினால், வலி கைக்குள் இறங்கும். இன்றும் மருத்துவர்கள் இதைச் செய்கிறார்கள்.

லேசர் இந்த வலிக்கு வந்ததோ வேறு வழியில்! 1960 ல் தியோடர் மைமன் அமெரிக்காவில் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். சில ஆண்டுகளில் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், லேசரால் புற்றுக்கட்டியை அழிக்க முடியுமா என்று எலிகளிடம் சோதித்தார். அவரது கருவிக்கு அவ்வளவு சக்தி இல்லை. கட்டி அழியவில்லை. ஆனால் சவரம் செய்த இடத்தில் ரோமம் வேகமாக வளர்ந்தது, காயமும் சீக்கிரம் ஆறியது. சூடு உண்டாக்காத மெல்லிய லேசரை மருந்தாகப் பயன்படுத்தும் முறை இப்படித்தான் பிறந்தது.

கழுத்து நரம்பு வலிக்கு இது உதவுமா? 2010 ல் செர்பியாவின் பெல்கிரேடில் 60 நோயாளிகளிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு உண்மையான லேசர், மீதிப் பேருக்கு ஒளி வராத போலிக் கருவி. உண்மையான லேசர் பெற்றவர்களுக்குக் கைவலி அதிகமாகக் குறைந்தது. ஆனால் இது சிறிய ஆய்வு. பலன் பார்க்கப்பட்டதும் குறுகிய காலத்துக்கு மட்டுமே.

உடற்பயிற்சியின் கதையும் சுவையானது. 2009 ல் நெதர்லாந்தில், வலி வந்து ஒரு மாதம் கூட ஆகாத 205 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குக் கழுத்துப் பட்டையும் ஓய்வும், இன்னொன்றுக்குப் பிசியோதெரபியும் வீட்டுப் பயிற்சியும், மூன்றாவதற்கு எதுவும் இல்லை. முதல் ஆறு வாரங்களில் முதல் இரண்டு பிரிவினருக்கும் வலி வேகமாகக் குறைந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் மூன்று பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை!

அதாவது பெரும்பாலோருக்கு இந்த வலி காலப்போக்கில் தானே தணிகிறது. தூக்கமில்லாத அந்த முதல் வாரங்களைக் கடக்க உதவுவதே இச்சிகிச்சைகளின் வேலை. லேசர் மட்டும் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்ற விளம்பரங்களை நம்பிப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. அதே சமயம், கையில் பலம் குறைந்து பொருட்கள் நழுவினாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் கழிப்பதில் சிரமம் வந்தாலோ காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.