மலாயாவில் போருக்குப் பிந்திய இராணுவ விமான விபத்துகள்

இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945 முதல் கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் நீங்கிய 1960 வரை மலாயாவில் விழுந்த இராணுவ விமானங்களில் பெரும்பாலானவை எதிரியின் குண்டுக்கு இரையானவை அல்ல. மலையும் மேகமும், வெப்பமண்டல ஈரத்தில் நைந்த உறுப்புகளுமே அவற்றை வீழ்த்தின.

ஜப்பான் சரணடைவதாக அறிவித்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. 1945 ஆகஸ்ட் 23 அன்று, காட்டில் இருந்த ஜப்பானிய எதிர்ப்புப் படையினருக்குப் பொருள் போட வந்த பிரிட்டிஷ் லிபரேட்டர் விமானம் நெகிரி செம்பிலான் காட்டில் விழுந்து எண்மர் மாண்டனர்.

1948 ஜூனில் அவசரகாலம் பிறந்ததும் ஆபத்து பெருகியது. காட்டுக்குள் வாரக்கணக்கில் சுற்றிய படையினருக்குச் சோறும் தோட்டாவும் வானிலிருந்தே வந்தன. டகோட்டா விமானம் மரங்களின் தலைக்குச் சற்று மேலே, குறுகிய பள்ளத்தாக்குக்குள் மெதுவாகப் பறக்கும். கதவில்லாத வாசலில் நிற்பவர்கள் விமானி குறிப்புக் கொடுத்ததும் மூட்டைகளை வெளியே தள்ளுவார்கள். ஒரே சுற்றில் வேலை முடியாது, திரும்பத் திரும்ப வரவேண்டும். எதிரே மலை அடைத்துக்கொண்டால் பாரத்தோடு மேலெழ இடமிராது. 1950 ஆகஸ்ட் 25 அன்று கிளந்தான் காட்டில் டகோட்டா கே.என்.630 விழுந்து பன்னிருவர் இறந்தனர்.

போருக்குப்பின் வடக்கின் முக்கியத் தளம் பட்டர்வொர்த். அங்கிருந்து வடக்கே பறப்பவருக்குக் கெடாச் சமவெளியில் தனித்து எழும் ஜெராய் மலை, 1,217 மீட்டர், நல்ல அடையாளம். ஆனால் அதனருகே உள்ள மெர்போக் தோட்டங்களிலிருந்து காலையில் துலக்கமாகத் தெரியும் அதன் உச்சி, மழைக்காலப் பிற்பகலில் மேகத்துக்குள் போய்விடும். அடையாளமாக இருந்த மலையே அப்போது ஆபத்தாகிவிடும்.

இயந்திரக் கோளாறுகளில் பிரிகாண்ட் விமானத்தின் கதை மிகக் கொடியது. வேகத்தைக் குறைக்கும் அதன் வான்தடுப்பை இயக்கிய தோல் துருத்தி ஈரத்தில் இற்றுப்போனது. பாய்ந்திறங்கும் வேளையில் ஒரு பக்கத் தடுப்பு மட்டும் விரிந்தால் இறக்கையே பிய்ந்துவிடும். குளிர்நாட்டில் சோதித்த பொருளை இந்நிலத்துக்கு அப்படியே அனுப்பியதற்கு விமானிகள் உயிரால் விலை கொடுத்தார்கள். இது தவிர்த்திருக்கக்கூடிய பிழை. சிகாமோர் ஹெலிகாப்டரின் மரச் சுழலிதழ்களும் பின்னர் இதே தட்பவெப்பத்தால் கெட்டன.

மேலே சொன்ன லிபரேட்டர், டகோட்டா இரண்டிலும் இறந்தவர்களின் எச்சங்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து 2012இல்தான் கோலாலம்பூர் செராஸ் சாலைக் கல்லறையில் இராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டன. மலைக்காட்டில் பழைய உலோகத் துண்டு எதையேனும் காண்பவர்கள் அதைத் தொடாமல் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்: வெடிக்காத குண்டு இருக்கலாம்; யாரோ ஒருவரின் எலும்பும் இருக்கலாம்.