பட்டறையும் பாடமும்: கிளாஸ்கோவில் கருக்கொண்டு டோக்கியோவில் உருப்பெற்ற பொறியியல் கல்விமுறை

பொறியியல் மாணவர் ஒருவர் ஆண்டின் ஒரு பகுதியைக் கல்லூரியிலும் மறுபகுதியைத் தொழிற்சாலையிலும் கழித்து, இரண்டையும் சேர்த்தே தம் தகுதியைப் பெறும் முறை இன்று பல நாடுகளில் வேரூன்றியுள்ளது. இம்முறையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே, அதாவது 1903ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சண்டர்லாந்து தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கிய வகுப்புகளிலிருந்தும், 1906ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் வகுத்த திட்டத்திலிருந்தும் கணக்கிடுகின்றனர். ஆனால் அவற்றுக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1873ஆம் ஆண்டில், டோக்கியோவில் திறக்கப்பட்ட ஓர் அரசுக் கல்லூரி இதே கொள்கையை ஆறாண்டுப் பாடத்திட்டமாக வகுத்து நடைமுறைப்படுத்தியது. அக்கல்லூரியின் வேர்களோ ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக் கப்பல்கட்டும் தளங்களிலும் மாலைநேர வகுப்புகளிலும் இருந்தன.

அக்காலத்துப் பிரிட்டனில் ஒருவர் எவ்வாறு பொறியாளரானார் என்பதை முதலில் அறிந்துகொள்வது இன்றியமையாதது. தொழிற்பழகுநர் முறை, அதாவது இளைஞர் ஒருவர் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒரு தொழில்வல்லாரிடம் ஒப்பந்தத்தின் பேரில் சேர்ந்து வேலை செய்தபடியே தொழிலைக் கற்கும் முறை, இங்கிலாந்தில் 1563ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏழாண்டுக் காலமாக வரையறுக்கப்பட்டிருந்தது. அச்சட்டத்தின் பழகுநர் விதிகள் 1814ஆம் ஆண்டில் நீக்கப்பட்ட பின்னும் வழக்கம் தொடர்ந்தது. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் சிறு கூலிக்குப் பட்டறையில் பழகுநராகச் சேர்ந்தனர். வசதி படைத்த குடும்பத்தினரோ ஒரு பெரிய பொறியாளருக்குக் கணிசமான தொகை செலுத்தித் தம் பிள்ளைகளை அவருடைய அலுவலகத்தில் மாணாக்கராக அமர்த்தினர். இருவகையினருக்கும் கிடைத்த கல்வியின் தரம் அவர்களுக்கு வாய்த்த ஆசானின் மனப்பாங்கையே முழுவதும் சார்ந்திருந்தது. கணிதத்தையோ இயற்பியலையோ கற்பிக்க வேண்டிய கடமை எந்த முதலாளிக்கும் இருக்கவில்லை.

ஐரோப்பியப் பெருநிலத்தில் நிலைமை வேறாக இருந்தது. பாரிஸில் 1794ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட எக்கோல் பாலிடெக்னிக் என்னும் கல்விக்கூடம் கணிதத்தையும் அறிவியலையும் பொறியியலின் அடித்தளமாக்கியது. அதன் வழியைப் பின்பற்றி 1825ஆம் ஆண்டில் கார்ல்ஸ்ரூயே நகரிலும், பின்னர் ஜெர்மானிய நாடுகளின் பிற நகரங்களிலும் உயர்தொழில்நுட்பப் பள்ளிகள் எழுந்தன. இவற்றில் வகுப்பறையே முதன்மை பெற்றது. 1867ஆம் ஆண்டில் பாரிஸில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியில் பிரிட்டிஷ் பொருள்கள் எதிர்பார்த்த பரிசுகளைப் பெறாதபோது, அதற்கு முறையான தொழிற்கல்வி இல்லாமையே காரணம் என்று வேதியியல் அறிஞர் லயன் பிளேஃபேர் வெளிப்படையாக எழுதினார். பட்டறை மட்டும் போதும் என்ற பிரிட்டிஷ் நம்பிக்கைக்கும், பாடமே முதன்மை என்ற ஐரோப்பியப் போக்குக்கும் இடையே எதைத் தேர்வது என்பது அக்காலத்தின் பெரும் விவாதமாயிற்று.

அந்த விவாதத்தில் நடுவழியைத் தேடிய நகரம் கிளாஸ்கோ. கிளைடு ஆற்றங்கரையில் நீராவிக் கப்பல் கட்டும் தொழில் செழித்திருந்த அந்நகரின் பல்கலைக்கழகத்தில், 1840ஆம் ஆண்டில், பிரிட்டனின் முதல் அரச நியமனப் பொறியியல் பேராசிரியர் பதவி உருவாக்கப்பட்டது. 1855ஆம் ஆண்டில் அப்பதவிக்கு வந்த வில்லியம் ஜான் மக்கோர்ன் ராங்கின், வெப்ப இயக்கவியலின் முன்னோடிகளுள் ஒருவர். கோட்பாடும் நடைமுறையும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணத்தை எதிர்த்து வாழ்நாள் முழுவதும் எழுதியும் கற்பித்தும் வந்தவர். ஸ்காட்டிஷ் பல்கலைக்கழகங்களின் கல்வியாண்டு குளிர்காலத்தின் ஆறு மாதங்களுக்குள் அடங்கிவிட்டதால், எஞ்சிய கோடைப் பருவத்தில் மாணவர்கள் பட்டறைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்ய முடிந்தது. இதனுடன், பேராசிரியர் ஜான் ஆண்டர்சனின் உயிலின்படி 1796ஆம் ஆண்டில் தோன்றிய ஆண்டர்சன் கல்லூரி, பகலில் உழைப்பவர்களுக்கு மாலையில் அறிவியல் வகுப்புகளை நடத்தியது.

இச்சூழலில் உருவானவர்தாம் ஹென்றி டையர். 1848ஆம் ஆண்டில் கிளாஸ்கோவுக்கு அருகிலுள்ள பெல்ஸ்ஹில் என்னும் சிற்றூரில் பிறந்த அவர், கிளாஸ்கோவின் கிரான்ஸ்டன்ஹில் பகுதியில் இருந்த ஜேம்ஸ் எய்ட்கன் நிறுவனத்தின் வார்ப்படச்சாலையில் பழகுநராகச் சேர்ந்து, மாலையில் ஆண்டர்சன் கல்லூரியில் பயின்றார். பழகுநர் காலம் முடிந்தபின் பல்கலைக்கழகத்தில் ராங்கினின் மாணவரானார். பட்டறைத் திறனையும் அறிவியலறிவையும் ஒருங்கே சோதித்து வழங்கப்பட்ட விட்வொர்த் உதவித்தொகையையும் வென்றார். உருகிய இரும்பை வார்க்கும் வேலையையும் விசைகளைக் கணக்கிடும் முறையையும் ஒருவரே கற்ற அரிய நிலை அவருக்கு வாய்த்தது. ஆயினும் அவ்விரண்டையும் அவர் தம் சொந்த முயற்சியால்தான் இணைத்துக்கொண்டாரேயன்றி, எந்த நிறுவனமும் அவருக்காக இணைத்துத் தரவில்லை.

அதே ஆண்டர்சன் கல்லூரியின் மாலை வகுப்புகளில் ஜப்பானியர் ஒருவரும் பயின்றார். அவர் பெயர் யாமாவோ யோசோ. வெளிநாடு செல்வது மரண தண்டனைக்குரிய குற்றமாக இருந்த 1863ஆம் ஆண்டில், சோஷூ என்னும் பெருநிலக்கிழார் ஆட்சிப்பகுதியிலிருந்து இரகசியமாகப் புறப்பட்டு லண்டனை அடைந்த ஐந்து இளைஞர்களுள் அவர் ஒருவர். பின்னாளில் ஜப்பானின் முதல் பிரதமரான இட்டோ ஹிரோபூமியும் அவ்வைவருள் இருந்தார். லண்டனில் சில காலம் பயின்ற பின், 1866ஆம் ஆண்டில் யாமாவோ கிளாஸ்கோவுக்குச் சென்று, பகலில் நேப்பியர் நிறுவனத்தின் கப்பல்கட்டும் தளத்தில் வேலை பழகினார், இரவில் படித்தார். 1868ஆம் ஆண்டில் ஜப்பானில் மெய்ஜி பேரரசரின் ஆட்சி மலர்ந்தபின், தொடர்வண்டிப் பாதை, தந்தி, சுரங்கம், கலங்கரை விளக்கம் ஆகியவற்றை அமைக்கும் பொறுப்புடன் 1870ஆம் ஆண்டில் பொதுப்பணி அமைச்சகம் உருவானபோது, யாமாவோ அதன் முக்கிய அதிகாரிகளுள் ஒருவரானார். அமைச்சகப் பணிகள் அனைத்தும் அதிக ஊதியம் பெறும் வெளிநாட்டவரையே நம்பியிருந்ததால், சொந்த நாட்டுப் பொறியாளர்களை உருவாக்கும் கல்லூரி ஒன்று வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார்.

1872ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசு மேலைநாடுகளுக்கு அனுப்பிய இவாகுரா தூதுக்குழுவினருடன் பிரிட்டனுக்கு வந்த இட்டோ, கல்லூரிக்கு ஆசிரியர்களைத் தேடித் தருமாறு வணிகர் ஹியூ மேத்சனைக் கேட்டுக்கொண்டார். அக்கோரிக்கை ராங்கினைச் சென்றடைய, அவர் தம் மாணவரான டையரைப் பரிந்துரைத்தார். அவ்வாண்டின் இறுதியிலேயே ராங்கின் காலமானார். பட்டப்படிப்பை அப்போதுதான் முடித்த டையர், கல்லூரி முதல்வராகவும் பொறியியல் பேராசிரியராகவும் 1873ஆம் ஆண்டின் நடுவில் ஜப்பானை அடைந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்துகூட நிறைந்திருக்கவில்லை. கடற்பயணத்தின்போதே அவர் வகுத்த பாடத்திட்டத்தை யாமாவோ மாற்றமின்றி ஏற்றுக்கொண்டார். இருவரும் ஒரே நகரத்தில் பகலில் உழைத்து இரவில் படித்தவர்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த உடன்பாட்டுக்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

பிற்காலத்தில் கோபு தைகாக்கோ, அதாவது பொதுப்பணி அமைச்சகத்தின் பொறியியல் கல்லூரி எனப் பெயர்பெற்ற அந்நிறுவனத்தின் படிப்பு ஆறு ஆண்டுகள் நீடித்தது. முதல் இரண்டு ஆண்டுகள் ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், வரைபடக்கலை ஆகிய பொதுப்பாடங்களுக்குரியவை. அடுத்த இரண்டு ஆண்டுகளில் மாணவர் தாம் தேர்ந்த துறையை, ஒவ்வோர் ஆண்டிலும் ஆறு மாதம் கல்லூரியிலும் ஆறு மாதம் பணியிடத்திலும் கற்றார். கிளாஸ்கோவின் குளிர்கால வகுப்பும் கோடைக்கால வேலையும் மாறிமாறி வந்த வழக்கத்தின் சாயல் இதில் தெளிவாகத் தெரிகிறது. கடைசி இரண்டு ஆண்டுகள் முழுமையாக நடைமுறைப் பணிக்கு ஒதுக்கப்பட்டன. அவற்றின் முடிவில் மாணவர் ஆய்வேடு எழுதித் தேர்ச்சி பெற வேண்டியிருந்தது. கட்டுமானப் பொறியியல், இயந்திரப் பொறியியல், தந்தித்துறை, கட்டடக்கலை, வேதியியல், சுரங்கவியல் போன்ற துறைகள் இருந்தன. அரசு உதவித்தொகை பெற்றவர்கள் படிப்பு முடிந்தபின் ஏழு ஆண்டுகள் அரசுப் பணியாற்றக் கடமைப்பட்டவர்கள்.

இத்திட்டத்தின் புதுமை, பணியிடத்தில் கழித்த காலத்தின் நீளத்தில் இல்லை. பிரிட்டனின் பழகுநர்கள் அதைவிட நீண்ட காலம் உழைத்தனர். பாடத்துக்கு முன்போ பின்போ தனித்து நின்ற பட்டறைப் பயிற்சி, இங்குப் பாடத்திட்டத்தின் உள்ளேயே இடம்பெற்று, அதே முதல்வரின் பொறுப்பில், அதே தகுதிக்கான கணக்கில் சேர்க்கப்பட்டதே அதன் புதுமை. கல்லூரியும் பணியிடங்களும் ஒரே அமைச்சகத்தின் கீழ் இருந்தமை இதற்குத் துணைநின்றது: அமைச்சகத்தின் தொடர்வண்டிப் பாதைகளும் தந்தி நிலையங்களும் சுரங்கங்களும் மாணவர்களின் பயிற்சிக் களங்களாயின. டோக்கியோவில் இருந்த அகாபானே இயந்திரத் தொழிற்சாலையில் மாணவர்கள் மாதிரி வடிப்பது, வார்ப்பது, கடைவது, பொருத்துவது ஆகிய வேலைகளைத் தம் கைகளாலேயே செய்தனர். உடலுழைப்பு தம் தகுதிக்குக் குறைவானது என்று கருதிய சாமுராய் மரபில் வந்தவர்களே மாணவர்களுள் மிகுதியாக இருந்ததால், இதன் சமூக விளைவும் சிறிதன்று.

ஆசிரியர்களும் இக்கொள்கைக்கு ஏற்றவர்களாக அமைந்தனர். இந்தியத் தந்தித்துறையில் பணியாற்றிய அனுபவத்துடன் வந்த வில்லியம் அயர்ட்டன், மாணவர்கள் தாமே அளந்து அறியும் மின்சோதனைக்கூடத்தை அமைத்தார்; 1878ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று அவரும் மாணவர்களும் கல்லூரி மண்டபத்தில் மின்வில் விளக்கை ஏற்றிக் காட்டினர்; ஜப்பானில் அந்நாள் இன்றும் மின்சார நினைவு நாளாக உள்ளது. ஜான் பெரி, நிலநடுக்கவியலுக்கு வழிவகுத்த ஜான் மில்ன், கட்டடக்கலைஞர் ஜோசையா காண்டர் ஆகியோரும் அங்குக் கற்பித்தனர்.

1879ஆம் ஆண்டில் முதல் அணியாக இருபத்துமூவர் படிப்பை நிறைவுசெய்தனர். அவர்களுள் பதினொருவர் மேற்பயிற்சிக்காகப் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் ஒருவரான தட்சுனோ கிங்கோ, 1884ஆம் ஆண்டில் தம் ஆசிரியர் காண்டரின் இடத்தில் பேராசிரியராகி, பின்னர் ஜப்பான் வங்கியின் தலைமையகத்தையும் டோக்கியோ தொடர்வண்டி நிலையத்தையும் வடிவமைத்தார். மற்றொருவரான வேதியியலாளர் தக்காமினே ஜோக்கிச்சி, அட்ரினலினைத் தூய நிலையில் பிரித்தெடுத்து உலகப் புகழ்பெற்றார். 1883ஆம் ஆண்டில் தேறிய தனாபே சாக்குரோ, பீவா ஏரியிலிருந்து கியோட்டோ நகருக்குக் கால்வாய் வெட்டும் திட்டத்தையே ஆய்வேடாக எழுதினார். கியோட்டோ மாகாண ஆளுநர் அவரிடமே அப்பணியை ஒப்படைக்க, 1885ஆம் ஆண்டில் தொடங்கிய வேலை 1890ஆம் ஆண்டில் முடிவுற்றது. அக்கால்வாயின் நீரைக் கொண்டு கேயாகே மின்நிலையம் 1891ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. ஸ்காட்லாந்தின் ஃபோர்த் பாலத்தின் நெம்புத் தாங்கு தத்துவத்தை விளக்க எடுக்கப்பட்ட புகழ்பெற்ற ஒளிப்படத்தில், இரு பொறியாளர்களுக்கு நடுவே தொங்கும் பலகையில் அமர்ந்திருப்பவரும் இக்கல்லூரியில் தேறி அப்பாலப் பணியில் சேர்ந்த வாத்தனாபே கைச்சியே ஆவார். கல்லூரி இயங்கிய காலம் முழுவதிலும் தேறியவர்கள் 211 பேர் மட்டுமே. ஆயினும் ஜப்பானின் முதல் தலைமுறைப் பொறியியல் தலைமையைப் பெரும்பாலும் அவர்களே ஏற்றனர்.

இம்முறைக்குக் குறைகளும் இருந்தன. இது பெருஞ்செலவைக் கோரியது. ஒரே அமைச்சகத்தைச் சார்ந்திருந்ததால் அதன் வீழ்ச்சி கல்லூரியையும் பாதித்தது. 1880களில் நிதி நெருக்கடியால் அரசு தன் தொழிற்சாலைகளைத் தனியாருக்கு விற்கத் தொடங்கி, 1885ஆம் ஆண்டின் இறுதியில் பொதுப்பணி அமைச்சகத்தையே கலைத்தது. கல்வி அமைச்சகத்தின் கீழ் வந்த கல்லூரி, 1886ஆம் ஆண்டில் டோக்கியோவின் பேரரசுப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. பொறியியல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது பெரும் பேறுதான். ஆனால் ஆறாண்டுத் திட்டமும், அதன் பிற்பகுதி முழுவதையும் நிரப்பிய பணியிடப் பயிற்சியும் அந்த இணைப்பில் நிலைக்கவில்லை.

1882ஆம் ஆண்டில் தாயகம் திரும்பிய டையர், கிளாஸ்கோவின் தொழில்நுட்பக் கல்லூரி நிர்வாகத்தில் பங்கேற்றுத் தொழிற்கல்விச் சீர்திருத்தத்துக்காக எழுதியும் பேசியும் வந்து, 1918ஆம் ஆண்டில் மறைந்தார். அயர்ட்டனும் பெரியும் தம் சோதனைக்கூட முறையை லண்டனின் ஃபின்ஸ்பரி தொழில்நுட்பக் கல்லூரிக்குக் கொண்டுசென்றனர். கல்லூரிப் பருவமும் தொழிற்சாலைப் பருவமும் மாறிமாறி வரும் ஏற்பாடு, பின்னர் சண்டர்லாந்தில் உள்ளூர்த் தொழில் நிறுவனங்களின் பழகுநர்களுக்கும், சின்சினாட்டியில் 27 மாணவர்களுக்கும் எனப் புதிதாகத் தோன்றியது. 1972ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் டைம்லர்-பென்ஸ், போஷ் முதலிய நிறுவனங்கள் முன்வைத்த திட்டத்தின் பேரில் 1974ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தொழிற்கழகத்தில், மாணவர் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்து ஊதியம் பெற்றபடியே, ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வகுப்பறைக்கும் தொழிற்சாலைக்கும் மாறினார்; அத்தொழிற்கழகமே 2009ஆம் ஆண்டில் மாநிலப் பல்கலைக்கழகத் தகுதியுள்ள உயர்கல்வி நிறுவனமாயிற்று.

இவற்றுக்கும் டோக்கியோ கல்லூரிக்கும் நேரடித் தொடர்ச்சி இருந்ததாகக் கூற இயலாது. எனினும் இவை அனைத்தும் ஒரே முடிவையே உறுதிசெய்கின்றன. விடுமுறையில் சில வாரங்கள் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்துச் சான்றிதழ் பெறுவது பொறியியல் பயிற்சியாகாது. பணியிடத்தில் மாணவர் செய்யும் வேலைக்குக் கல்லூரி பொறுப்பேற்கவும், வகுப்பில் அவர் கற்பதற்கு நிறுவனம் நேரம் ஒதுக்கவும், இரண்டும் ஒரே தகுதியின் பகுதிகளாக மதிப்பிடப்படவும் வேண்டும். 1873ஆம் ஆண்டில் டையரும் யாமாவோவும் நிறைவேற்றிக் காட்டியது இதையே. பொறியியல் பாடத்திட்டம் வகுக்கும் எவரும் தம் திட்டத்தை முதலில் இந்த அளவுகோலால் அளந்து பார்க்க வேண்டும்.