கோடை ஏரியும் பிரெஞ்சு ராட்டையும்

தூண்டிலைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் மனைவி சிரித்தாள். ஃபைலைப் பிடித்ததைத் தவிர நான் வாழ்க்கையில் வேறு எதையும் பிடித்ததில்லை என்பது அவள் அபிப்பிராயம். அது முழு உண்மை இல்லை. 1966-ம் வருடம் கோடைக்கானல் ஏரியில் நாலு கிலோ கெண்டை ஒன்றைக் கரை சேர்த்திருக்கிறேன். பாதி சேர்த்தது நான், மீதி சேர்த்தது வேறொருவர். அதைப் பின்னால் சொல்கிறேன்.

கோடை ஏரி இயற்கையாக வந்தது என்று நினைக்கிறவர்கள் இன்னும் உண்டு. அது கட்டிய ஏரி. மதுரைக் கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஓடைக்குக் கரை போட்டுத் தேக்கியது. சுமார் 60 ஏக்கர். தூத்துக்குடியிலிருந்து முதல் படகைக் கொண்டுவந்து மிதக்கவிட்டவரும், மீன் விட்டவரும் அவர்தான் என்று சொல்வார்கள். அன்று மலைக்கு மோட்டார் ரோடு கிடையாது. அம்மையநாயக்கனூரில் ரயில் நின்றதே 1875-ல்தான். அதற்குப் பிறகும் அடிவாரம் வரை மாட்டுவண்டி, அங்கிருந்து கழுதைப் பாதை. ஆகவே கோடையில் துரைமார் வைத்திருந்த ஒவ்வொரு பொருளும், பியானோ உட்பட, யாரோ ஒரு கூலியின் தலையில் ஏறித்தான் வந்தது. தூண்டில் கோல்களும் அப்படித்தான் வந்திருக்கும்.

அந்தக் கோல்கள் எப்படிப்பட்டவை? தென்னமெரிக்காவில் கயானா பக்கம் விளையும் கிரீன்ஹார்ட் என்ற வைரம் பாய்ந்த மரத்தில் கடைந்த கோல்கள் ஒரு வகை. பன்னிரண்டு அடிக் கோலை அரை நாள் பிடித்தால் தோள்பட்டை இற்றுவிடும். இன்னொரு வகை, மூங்கிலை ஆறு முக்கோணப் பட்டைகளாகச் சீவி, ஒன்றோடொன்று ஒட்டிய கோல். இங்கிலாந்தில் ஆல்ன்விக் ஊரின் ஹார்டி கம்பெனிக்காரர்கள் இதில் பேர்போனவர்கள்.

இந்த ஒட்டு மூங்கில் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்தில் ஹிராம் லெனார்டு என்பவர் 1870-களில் இத்தகைய கோல்களைச் செய்து பெரும் பெயர் எடுத்தார். அவர் காலத்துக் கோல்களுக்கு மூங்கில் கல்கத்தாத் துறைமுகத்திலிருந்து போயிற்று. ‘கல்கத்தா கேன்’ என்றே பெயர். அது வேறொன்றுமில்லை, நம் மலையடிவாரங்களில் விளைகிற கல்மூங்கில் இனம்தான். வண்டிக்காரன் சாட்டைக்கும் போலீஸ்காரன் லத்திக்கும் வெட்டுகிற அதே மூங்கில். இங்கிருந்து போன மூங்கில், வார்னிஷும் பட்டு நூல் கட்டும் பெற்று, அமெரிக்காவிலும் சீமையிலும் விலை உயர்ந்த சாமானாகிவிட்டது.

பிறகு தொங்க்கேன் மூங்கில் வந்து கல்கத்தா மூங்கிலை ஓரம் கட்டியது. தொங்க்கேன் என்றதும் எங்கள் புதுச்சேரிப் பெரியவர்களுக்குக் காது நிமிரும். எத்தனையோ குடும்பங்களில் ஒரு சித்தப்பாவோ பெரியப்பாவோ அந்தப் பக்கம் சொல்தாவாகப் போனவர். பேர்தான் தொங்க்கேன், மூங்கில் விளைவது பக்கத்துச் சீனாவின் குவாங்துங்கில்.

சீமைக்கோலின் கதை இது. ஏரிக்கரையில் குடியிருந்தவனிடம் இருந்தது வெறும் கல்மூங்கில் கழி, அதன் நீளத்துக்கு நூல், மயிலிறகுத் தண்டில் ஒரு தக்கை, ஒரு முள். கழி பன்னிரண்டடி, நூல் பன்னிரண்டடி. மொத்தம் இருபத்துநாலு அடிக்கு அப்பால் இருக்கிற மீன் அவனுக்கு மீனே இல்லை. கோடை ஏரியில் கரையோரம் பாசியும் கொடியும் மண்டிக் கிடக்கும். பெரிய மீன் பாசிக்கு அப்பால் ஆழத்தில் நிற்கும். அங்கே போகப் படகு வேண்டும். 1890-ல் படகுக் குழாம் ஏற்பட்டது. அது யாருக்காக ஏற்பட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. படகு உள்ளவனுக்குப் பெரிய மீன், கழி உள்ளவனுக்குக் குஞ்சு மீன். ரொம்ப காலம் இதுதான் அந்த ஏரியின் சட்டம்.

அந்தச் சட்டத்தை மாற்றியது கோல் அல்ல. ராட்டை.

பழைய ரீல்களில் நூல் சுற்றிய உருளையே சுழன்றுதான் நூலை விட வேண்டும். கனமான ஈயக்குண்டு எறிந்தால் சுழலும். இலேசான மாவு உருண்டையை எறிந்தால் அசையாது. அசைந்தாலும் நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காமல் சுழன்று குருவிக்கூடாகச் சிக்கும். பிராட்ஃபோர்டு ஊர் மில் முதலாளி இல்லிங்வொர்த் என்பவர் 1905-ல் இதற்கு ஒரு வழியைப் பதிவு செய்தார். மில்லில் கண்டு அசையாமல் நிற்க, நூல் அதன் நுனி வழியாக நழுவி வருவதை அவர் தினமும் பார்த்திருப்பார். அதே மாதிரி உருளையை நிற்க வைத்து, நூலை முனை வழியாக நழுவ விட்டார். எடையே இல்லாத இரையும் வெகுதூரம் போயிற்று. ஆனால் அன்றைய நூல் பட்டு. ஒவ்வொரு நாளும் காயப் போடாவிட்டால் மக்கிவிடும். முள்ளுக்கு மேலே கட்டுவது ஸ்பெயினிலிருந்து வந்த பட்டுப்புழுக் குடல், அதை எறிவதற்கு முன் ஊறப் போட வேண்டும். ஒன்றைக் காய வைக்க வேண்டும், ஒன்றை நனைக்க வேண்டும், துரைக்கு இதற்கென்றே ஒரு ஆள் வேண்டும்! 1938-ல் நைலான் அறிவிக்கப்பட்டது. யுத்தம் முடிந்து, நைலான் நரம்பும் இந்த ராட்டையும் சேர்ந்த பிறகுதான் ஏழைக்குக் காரியம் ஆயிற்று.

மீனும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான் வந்தது. 1939-ல் இலங்கையிலிருந்து உதகை ஏரிக்கு ஐரோப்பியக் கெண்டையைக் கொண்டு வந்தார்கள். முதுகோரம் மட்டும் ரூபாய் அகலத்தில் சில செதில்கள், மற்ற இடம் மழமழவென்று இருக்கும். கண்ணாடிக் கெண்டை என்பார்கள். குளிர் தாங்கும், எதையும் தின்னும். உதகையிலிருந்து மற்ற மலை ஏரிகளுக்கும் அது பரவியது.

இனி என் கதை. என் படிப்பு முழுக்கப் பிரெஞ்சில். பரீட்சை முடிந்த விடுமுறையில், கோடையில் ஒரு பங்களாவில் சமையல் பார்த்த என் தாய்மாமனிடம் போனேன். போகும்போது துலோனிலிருந்து வந்திருந்த சித்தப்பா ஒரு அட்டைப் பெட்டியைக் கொடுத்தார். அவர் சைகோனில் இருந்துவிட்டு வந்த சொல்தா. பெட்டிக்குள் கறுப்பாக, முட்டை வடிவில் ஒரு இயந்திரம். மிட்செல் 300. பிரான்சில் ஆல்ப்ஸ் மலையடியில் க்ளூஸ் என்ற ஊரில் செய்தது. கடிகாரம் செய்கிறவர்களின் ஊர் அது. கைப்பிடியைச் சுற்றினால் கடிகாரத்துக்குள் கேட்பது போலவே மெல்லிய சத்தம் வரும்.

பங்களாத் தோட்டக்காரரின் மகன் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். ஏரியில் எந்த இடத்தில் எந்த மணிக்கு மீன் மேயும் என்பது அவருக்கு மனப்பாடம். ராட்டையைப் பார்த்துவிட்டு, “தம்பி, இதுல கைப்பிடி தப்பான பக்கம் இருக்கே” என்றார். உண்மைதான், 300-க்கு இடது பக்கம் கைப்பிடி. வலக்கையால் எறிந்து, கோலைக் கை மாற்றாமல் இடக்கையால் சுற்றலாம். பெட்டிக்குள் இருந்த சின்னப் புத்தகத்தில் அது போட்டிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து பிரெஞ்சில் வாசித்து வாசித்து அவருக்குத் தமிழில் சொன்னேன். நான் படித்த பிரெஞ்சு அன்றைக்குப் பிரயோஜனப்பட்ட மாதிரி பிறகு எந்த ஆபீசிலும் பிரயோஜனப்பட்டதில்லை.

எண்ணெய் போட வேண்டும் என்று இருந்தது. என்ன எண்ணெய் என்று நான் கவனிக்கவில்லை. புதுச்சேரிப் பழக்கத்தில் தேங்காய் எண்ணெய் விட்டேன். மறுநாள் விடியற்காலைக் குளிரில் எண்ணெய் உறைந்து ராட்டை அசையவே இல்லை. அண்ணன் அதைச் சட்டைக்குள் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏரி வரை நடந்தார். கரைக்கு வருவதற்குள் இளகிவிட்டது.

அன்று கரையிலிருந்து எறிந்த உருளைக்கிழங்கு உருண்டை பாசியைத் தாண்டி, நாங்கள் நினைத்துப் பார்க்காத தூரத்தில் விழுந்தது. அண்ணன் ஒன்றும் பேசவில்லை. அந்த இடத்தைப் பிள்ளைப் பிராயத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவர். ஒரு மணி நேரத்தில் மீன் எடுத்தது. நான் பயந்துபோய்க் கோலை அவர் கையில் கொடுத்துவிட்டேன். நரம்பு அறுந்துவிடாமல், இழுத்தால் விட்டுக்கொடுத்து, நின்றால் சுற்றி, இருபது நிமிஷத்தில் அவர் கரைக்குக் கொண்டுவந்தார். பாதி சேர்த்தது நான் என்று சொன்னது கொஞ்சம் அதிகம்தான்.

1901 முதல் கோடையில் இருக்கும் அமெரிக்கப் பள்ளியின் பிள்ளைகளும் கரைக்கு வருவார்கள். அவர்களிடமும் இதே ராட்டை, கார்சியா என்ற பெயரும் சேர்ந்து. கோல் மட்டும் கண்ணாடி நாரில் செய்தது. கொரியா யுத்தத்தின்போது சீனச் சரக்கை அமெரிக்கா தடுத்ததில் மூங்கில் கிடைக்காமல், கண்ணாடி நார்க் கோலுக்கு நல்ல காலம் பிறந்தது. அவர்கள் டப்பாக்களில் கரண்டி மாதிரித் தகடுகளும், கண் வரைந்த மர மீன்களும் இருக்கும். அவர்கள் நாட்டில் பாஸ் என்ற மீனுக்காகச் செய்தவை. அது பாய்ந்து கடிக்கிற சாதி, நம் ஊர் விராலைப் போல. கோடைக் கெண்டையோ மர மீனை ஏறெடுத்தும் பார்க்காது. கடைசியில் அந்தப் பிள்ளைகளும் அண்ணனிடம் வந்து உருளைக்கிழங்கு உருண்டை கேட்பார்கள்.

ஊருக்குத் திரும்பும்போது ராட்டையை அண்ணனிடமே விட்டு வந்தேன். சித்தப்பாவிடம் தொலைந்துவிட்டது என்று சொன்னேன். இப்போது சொல்வதால் அவருக்கு வருத்தமிருக்காது, அவர் போய் நாளாயிற்று. அந்த ராட்டை அண்ணன் வீட்டில் முப்பது வருடத்துக்கு மேல் சோறு போட்டது. அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு வாரத்தில் மூன்று நாள் போவார். மூன்று பிள்ளைகளும் அந்த மீனைத் தின்று வளர்ந்தவர்கள்.

நான் ஓய்வு பெற்ற பின் போனபோது அவர் ஒரு காகிதக் கட்டை எடுத்து வைத்தார். 1983 முதல் 2001 வரை கோடையில் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை நடந்தது. பாதரசக் கழிவு வெளியே வந்தது தெரிந்து அது மூடப்பட்ட கதை எல்லாருக்கும் தெரியும். 2006-ல் வந்த ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையின் நகலை யாரோ அவருக்குக் கொடுத்திருந்தார்கள். “தம்பி, நீதானே அன்னிக்குப் புத்தகம் வாசிச்சே. இதையும் வாசி” என்றார்.

வாசித்தேன், இந்தத் தடவை இங்கிலீஷிலிருந்து. கோடை ஏரி மீனில் கிலோவுக்கு 120 முதல் 290 மைக்ரோகிராம் வரை பாதரசம். பேரிஜம், கூக்கால் ஏரிகளின் நீரிலும் வண்டலிலும் இங்கே இருப்பதைவிடக் குறைவு. மீனுக்குச் சட்டப்படி 500 வரை போகலாம், ஆகவே வரம்புக்குள்தான் இருக்கிறது என்று சொன்னேன்.

“எப்பவோ ஒரு நாள் திங்கிறவனுக்கு 500-ஆ, வாரம் மூணு நாள் திங்கிறவனுக்கு 500-ஆ?” என்று கேட்டார்.

அந்தக் கட்டுரையில் அதற்குப் பதில் இல்லை. நான் மறுபடி முதல் பக்கத்திலிருந்து தேடிப் பார்த்தேன். அவர் பொறுமையாகக் காத்திருந்தார். அதற்கு முன்பே அவர் வீட்டில் ஏரி மீனை நிறுத்திவிட்டார்கள் என்று அவர் மனைவி சொன்னார்கள்.

போன வருடம் மறுபடி போனேன். பேரனிடம் கார்பன் கோல் இருக்கிறது. விமானத்துக்காக 1960-களில் இங்கிலாந்தில் ஃபார்ன்பரோவில் உருவான சரக்கு அது, பன்னிரண்டடிக் கோல் கால் கிலோகூட இராது. ஜப்பான் ராட்டை, பின்னிய நரம்பு. எறிந்தால் அக்கரையே பயப்படுகிறது. மீனைப் பிடித்து, போட்டோ எடுத்து, முத்தம் கொடுத்துத் தண்ணீரில் விட்டுவிடுகிறான். தாத்தா கரையில் உட்கார்ந்து, எங்கே எறிய வேண்டும் என்று கைத்தடியால் காட்டுகிறார். தடி கல்மூங்கில்.

மிட்செல் அலமாரியில் இருக்கிறது. கம்பி வளையத்தின் ஸ்பிரிங் போய், கடிகார ரிப்பேர்க்காரரிடம் கொடுத்துப் போட்ட ஸ்பிரிங். எடுத்துச் சுற்றிக் காட்டினார். அதே சத்தம். நான் புதுச்சேரியிலிருந்து கொண்டுபோயிருந்த தையல் மெஷின் எண்ணெய்ப் புட்டியைக் கொடுத்தேன். லேபிளை உற்றுப் பார்த்துவிட்டு, “இது உறையாதே?” என்றார்.