ஆயாவோட மஞ்சப்பையும் பதினாலு இலக்க நம்பரும்

இந்த எபிசோடை எங்க ஆயாவோட மஞ்சப்பையில இருந்து ஆரம்பிக்கிறேன். பாகூர் பக்கத்துல ஒரு கிராமம். ஆயாவுக்கு ரொம்ப வருஷமா சுகர். அந்தப் பையில பழைய பிளட் டெஸ்ட் ரிப்போர்ட், ஓரம் மடங்கின ஒரு நோட்டு, ரப்பர் பேண்ட் போட்ட மாத்திரை அட்டைகள் எல்லாம் இருக்கும். ஒரு நாள் காலையில வேர்த்துக் கொட்டி, பேச்சு குழறி, திண்ணையிலேயே சாஞ்சுட்டாங்க. நல்லவேளை, நினைவு இருந்துச்சு. பக்கத்து வீட்டு அக்கா சர்க்கரைத் தண்ணி கொடுத்தாங்க.

அப்புறம் அட்டைகளைப் பாயில பரப்பி வெச்சுப் பார்த்தோம். அரசு சுகாதார நிலையத்துல வாங்கினதுலயும் கிளிமெபிரைடு, டவுன்ல தனியார் டாக்டர் எழுதினதுலயும் கிளிமெபிரைடு. அட்டையோட நிறம் வேற, பேரு வேற, உள்ள இருக்கிற மருந்து ஒண்ணு. ரெட்டை டோஸ் போட்டா ரத்தத்துல சர்க்கரை கிடுகிடுன்னு இறங்கத்தான் செய்யும். ரெண்டு டாக்டர் மேலயும் எனக்குக் கோபம் வரல. ஒருத்தர் எழுதினது இன்னொருத்தருக்குத் தெரிய வழியே இல்ல.

சரி, இதுக்கெல்லாம் கம்ப்யூட்டர் இருக்கேன்னு நீங்க கேப்பீங்க. இருக்கு. 2020 ஆகஸ்ட் 15 அன்று தேசிய டிஜிட்டல் சுகாதார இயக்கம் தொடங்கப்பட்டபோது, சோதனை ஓட்டத்துக்கு ஆறு யூனியன் பிரதேசங்களை எடுத்தாங்க. அதுல புதுச்சேரியும் ஒண்ணு. ஆளுக்கு ஒரு பதினாலு இலக்க நம்பர். ரெக்கார்டு எல்லாம் ஒரே இடத்துல குவியாது. எந்த ஆஸ்பத்திரியில உருவாச்சோ அங்கேயே இருக்கும். நோயாளி சம்மதிச்சா மட்டும் அடுத்த டாக்டர் பார்க்கலாம். காகிதத்துல அழகான திட்டம்தான். 2021 செப்டம்பர் 27ல நாடு முழுக்க வந்துச்சு. இன்னைக்கு நாம ஆபா கார்டுன்னு சொல்றது அதைத்தான்.

ஆனா வில்லியனூர்க்காரங்களுக்கு இந்த மாதிரி 'முதல் சோதனை' புதுசு இல்ல. 1998ல எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவோட ஐ.டி.ஆர்.சி. உதவியோட, வில்லியனூரை மையமா வெச்சு கிராமத் தகவல் மையங்களை ஆரம்பிச்சாங்க. போன் லைன் நம்ப முடியாது, கரண்ட்டும் நம்ப முடியாது. அதனால வி.எச்.எஃப். ரேடியோ, சோலார் பேனல். கீழூர், எம்பலம், வீராம்பட்டினம்னு ஊருக்கு ஒரு மையம். கீழூர் பேரு எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? 1954 அக்டோபர் 18 அன்று 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோட சேரணும்னு ஓட்டுப் போட்டாங்களே, அதே கீழூர்தான். எம்பலத்துல மையம் இருந்தது கோயில் கட்டடத்துல. நடத்தினது ஊர்ப் பெண்கள். வீராம்பட்டினத்துல, அமெரிக்கக் கடற்படை இணையதளத்துல இருந்து அலை உயரத்தை எடுத்து, தமிழ்ல மாத்தி, லவுட்ஸ்பீக்கர்ல சொன்னாங்க.

எனக்கு இதுல பிடிச்ச விஷயம் ரேடியோ இல்ல. மையம் வைக்கிற இடத்துக்கு ஒரு நிபந்தனை இருந்துச்சு: தலித் மக்கள் உட்பட எல்லாரும் உள்ளே வர முடியணும். மெஷின் ஓடுதாங்கிறதோட நிக்காம, யார் கைக்கு அது போகுதுன்னு முன்னாடியே கேட்டுட்டாங்க. மதிப்பீடுன்னா எனக்கு இதுதான்.

ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல அந்தக் கேள்வியைக் கேட்கலைன்னா என்ன ஆகும்? இங்க கொஞ்சம் அமெரிக்கா போயிட்டு வருவோம். 1998ல பாஸ்டன்ல ஒரு ஆய்வு. டாக்டர் கையால எழுதாம கம்ப்யூட்டர்ல மருந்து எழுத ஆரம்பிச்சதும், தீவிரமான மருந்துப் பிழைகள் 55 சதவீதம் குறைஞ்சுது. எல்லாரும் கைதட்டினாங்க. 2005ல பிட்ஸ்பர்க் குழந்தைகள் ஆஸ்பத்திரியில இருந்து இன்னொரு ஆய்வு வந்துச்சு. வேற ஆஸ்பத்திரியில இருந்து மாற்றி அனுப்பப்பட்ட குழந்தைகள்ல இறப்பு 2.80 சதவீதத்துல இருந்து 6.57 ஆச்சு, புது சிஸ்டம் வந்த அப்புறம். காரணம்னு அவங்க சொன்னது ரொம்ப சாதாரணமான விஷயங்கள். முன்னாடி குழந்தை வந்துட்டு இருக்கும்போதே மருந்தைத் தயார் பண்ணி வைப்பாங்க. இப்போ குழந்தை வந்து, பதிவு ஆன அப்புறம்தான் ஆர்டர் போட முடியும். நர்ஸ் கட்டில் பக்கத்துல நிக்காம திரை முன்னாடி நின்னாங்க. அடுத்த வருஷம் சியாட்டில்ல இதே மாதிரி பார்த்தப்போ இறப்பு கூடல. சாஃப்ட்வேர் ஒண்ணுதான், அதை வெச்ச விதம் வேற.

அதே 2005ல பென்சில்வேனியாவுல, கம்ப்யூட்டரே வழி பண்ணிக் கொடுக்கிற 22 வகை மருந்துப் பிழைகளைக் கண்டுபிடிச்சாங்க. அதுல ஒண்ணு படிச்சப்போ ஆயா ஞாபகம் வந்துச்சு: ஒரு நோயாளியோட எல்லா மருந்தையும் பார்க்க 20 திரை வரைக்கும் புரட்ட வேண்டியிருந்ததாம். மஞ்சப்பையே பரவாயில்ல!

இதையெல்லாம் முனைவர் பட்ட ஆய்வா எடுத்துக்கிட்டு பண்றவங்க இருக்காங்க. நர்ஸ் பின்னாடியே நடந்து, என்ன மருந்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு கொடுத்தாங்கன்னு எழுதி, டாக்டர் ஆர்டரோட ஒப்பிட்டுப் பார்க்கிற பொறுமையான வேலை. நம்ம ஊர்ல செய்தியில வர்ற கணக்கு பெரும்பாலும் எத்தனை கார்டு போட்டோம்ங்கிறதுதான். தடுப்பூசிக்கு ஆதார் கொடுத்த பலருக்கு, அவங்களுக்கே தெரியாம இந்த நம்பர் உருவாகியிருந்தது 2021ல செய்தியாச்சு. ஒரு நம்பர் உருவானதால ஒரு டோஸ் பிழை தடுக்கப்பட்டதுன்னு ஆகாது.

எங்க பக்கத்துல இன்னொரு சிக்கலும் உண்டு. பிரெஞ்சுக்காரங்க விட்டுட்டுப் போன எல்லை. பாகூர், வில்லியனூர் கிராமங்கள் தமிழ்நாட்டுக்குள்ள துண்டு துண்டா கிடக்கு. ஒரு பஸ் பயணத்துல ரெண்டு மூணு தடவை மாநிலம் மாறும். ஜுரம்னா புதுச்சேரி, அவசரம்னா கடலூர்னு ஜனங்க பக்கத்துல எது இருக்கோ அங்க போவாங்க. 2020 சோதனை ஓட்டம் அந்த எல்லைக் கல்லோட நின்னுச்சு. கல்லுக்கு அந்தப் பக்கம் மருந்து வர்றது வேற வழியில. 1994ல அமைச்ச தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தோட மாவட்டக் கிடங்கு, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக், எவ்வளவு மருந்து எடுத்தாங்கன்னு கணக்கு. நாடே பார்த்துப் படிச்ச ஏற்பாடு அது. ஆனா அந்தக் கணக்கு மருந்தை ஆஸ்பத்திரி வரைக்கும்தான் பின்தொடரும். ஆயா வயித்துக்குள்ள அதே மருந்து ரெண்டு தடவை போகுதான்னு அதுக்குத் தெரியாது.

இப்போ ஆயாகிட்டயும் ஆபா கார்டு இருக்கு, அதே மஞ்சப்பைக்குள்ள. நோட்டுல நான் ஒரு புதுப் பக்கம் போட்டேன்: மாத்திரையோட பிராண்டு பேரு இல்ல, உள்ள இருக்கிற மருந்தோட பேரு, தமிழ்ல, எத்தனை மில்லிகிராம், யார் எழுதினது. போன மாசம் கூட்டிட்டுப் போனப்போ போன்ல க்யூஆர் ஸ்கேன் பண்ணினேன், வரிசையில நிக்காம டோக்கன் கிடைச்சுது. அது நிஜமாவே வசதி. உள்ளே போனோம். டாக்டர் ஒரு நிமிஷம் திரையைப் பார்த்தாங்க. ஆயாவோட பேரும் வயசும் இருந்துச்சு, மருந்து எதுவும் இல்ல.

"நோட்டு எடுத்துட்டு வந்தீங்களாம்மா?"ன்னு கேட்டாங்க. அதைப் பார்த்துத்தான் காலை டோஸைக் குறைச்சாங்க.