ஒருத்தர் பெயரைத் தேட ஊரே காத்திருந்த கதை

போன செமஸ்டர் நெட்வொர்க் லேபில் எங்கள் டீமுக்குக் கிடைத்த வேலை ரொம்பச் சின்னது. சி மொழியில் ஓர் அரட்டை சர்வர் எழுத வேண்டும். எழுதினோம். ஒரே புரோகிராம், ஒரே சுற்று, நடுவில் ஒரு 'செலக்ட்'. பத்துப் பேர் உள்ளே வந்து ஒருவரை ஒருவர் கலாய்த்துக் கொண்டிருந்தார்கள். வெறும் ஐ.பி. எண் தெரிந்தால் நன்றாக இல்லையே என்று, வருகிறவருடைய கணினியின் பெயரையும் காட்டுவதற்கு நான் ஒரே ஒரு வரி சேர்த்தேன்.

டெமோ அன்றைக்குப் பதினோராவது ஆளாக வேறொரு லேபிலிருந்து ஒருவன் நுழைந்தான். சர்வர் அப்படியே உறைந்து விட்டது. யார் என்ன தட்டினாலும் பதில் இல்லை. இருபது விநாடி கழித்து, தேங்கிக் கிடந்த மெசேஜ் எல்லாம் மொத்தமாக வந்து கொட்டின. மார்க் போனது போனதுதான் :-)

அப்புறம் உட்கார்ந்து தேடியபோதுதான் தெரிந்தது, நான் விழுந்த பள்ளத்தில் முப்பது வருடங்களுக்கு முன்னாலேயே பெரிய பெரிய ஆட்கள் விழுந்து எழுந்திருக்கிறார்கள் என்று. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1988 ஆகஸ்டில் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்க்காரினென் என்பவர் ஐ.ஆர்.சி. என்ற அரட்டை முறையை எழுதினார். பல சர்வர்கள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கும். நீங்கள் எந்த சர்வரில் நுழைந்தாலும் மற்ற எல்லோரோடும் பேசலாம். உள்ளே ஒருவருடைய அடையாளம் மூன்று துண்டுகளால் ஆனது: புனைபெயர், பயனர் பெயர், அவர் வரும் கணினியின் பெயர். புனைபெயரை நொடிக்கொரு தரம் மாற்றலாம். கணினிப் பெயரை அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது. கலாட்டா செய்கிற ஆளைத் தடுப்பதென்றால் பெரும்பாலும் அதை வைத்துத்தான் தடுக்க வேண்டும். ஆகவே யார் நுழைந்தாலும் அவருடைய ஐ.பி. எண்ணைக் கொடுத்துப் பெயரைக் கேட்டு வாங்க வேண்டிய கட்டாயம் சர்வருக்கு.

யாரிடம் கேட்பது? இங்கேதான் சிக்கலின் வேர் இருக்கிறது.

அர்ப்பாநெட் காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவில் எஸ்.ஆர்.ஐ. நிறுவனம் அதைப் பராமரித்தது. மற்றவர்கள் நகலெடுத்து வைத்துக் கொண்டார்கள். 1983-ல் வெளியான பெர்க்லியின் 4.2 பி.எஸ்.டி. யூனிக்ஸில், பெயரைக் கொடுத்தால் எண்ணும் எண்ணைக் கொடுத்தால் பெயரும் தரும் ஃபங்ஷன்கள் இருந்தன. அவை செய்த வேலை, சொந்த வட்டில் கிடக்கும் ஒரு கோப்பைப் படிப்பது. கண் இமைப்பதற்குள் முடிந்து விடும்.

அதே 1983-ல் பால் மோக்கபெட்ரிஸ் டி.என்.எஸ். முறையை எழுதி வெளியிட்டார். ஒரே கோப்புக்குப் பதிலாக, ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயர்களுக்குத் தானே பொறுப்பு. 1984-ல் பெர்க்லி மாணவர்கள் நான்கு பேர் அதற்கு பைண்ட் என்ற மென்பொருளை எழுத ஆரம்பித்தார்கள். 1986-ல் அது 4.3 பி.எஸ்.டி.யோடு வந்தது. பழைய ஃபங்ஷன்களின் பெயர் மாறவில்லை, அழைக்கிற விதமும் மாறவில்லை. ஏற்கெனவே எழுதிய புரோகிராம்களில் ஒரு வரியைக்கூடத் திருத்த வேண்டியதில்லை. எவ்வளவு வசதி!

ஆனால் உள்ளே நடப்பது முழுக்க மாறி விட்டது. முன்பு கையருகே இருந்த கோப்பைப் புரட்டிய அதே ஃபங்ஷன், இப்போது உலகத்தின் எந்த மூலையிலோ இருக்கும் கணினியிடம் கேள்வி அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது. அழைத்த புரோகிராமும் கூடவே நிற்கிறது. பைண்ட் 4.9 காலத்துக் கணக்கைப் பாருங்கள். பெயர் சர்வர் பதில் சொல்லாவிட்டால் முதலில் 5 விநாடி காத்திருக்கும். பிறகு 10, அப்புறம் 20, கடைசியாக 40. ஆக மொத்தம் 75 விநாடி கழித்துத்தான் கையை விரிக்கும்.

தன் வீட்டு முகவரியைத் தேடும் ஒற்றை ஆளுக்கு 75 விநாடி என்பது எரிச்சல், அவ்வளவுதான். ஐ.ஆர்.சி. சர்வருக்கு அது உயிர்ப் பிரச்சினை. காரணம், அத்தனை பேரையும் கவனிப்பது ஒரே புரோகிராம். பெயர் சர்வர் படுத்துக் கிடக்கிற ஏதோவொரு ஊரிலிருந்து ஒருத்தர் நுழைந்தால், உள்ளே இருக்கிற அத்தனை பேரும் வாயடைத்து உட்கார வேண்டியதுதான். இப்படி இரண்டு மூன்று பேர் அடுத்தடுத்து வந்தால், பக்கத்து சர்வர் "இது செத்துப் போச்சு" என்று முடிவு கட்டித் தொடர்பையே அறுத்து விடலாம். இன்னொரு விஷயம். எண்ணுக்குப் பெயர் சொல்கிற அதிகாரம், வருகிறவருடைய வலையமைப்பை நடத்துகிறவர் கையில் இருக்கிறது. அவர் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருந்தாலும் சர்வர் உறைந்து விடும்.

இதற்கு மருந்து எழுதியவர் டேரன் ரீட் என்ற ஆஸ்திரேலியர். சர்வர் மூலநிரலில் 'ரெஸ்.சி' என்று ஒரு கோப்பு, 1992 என்ற காப்புரிமை ஆண்டோடு. 1993 மே மாதம் ஒய்க்காரினெனும் ரீடும் சேர்ந்து வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 1459 ஆவணத்தில் காரணத்தையும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்கள்: பெர்க்லி நூலகத்தால் நீண்ட தாமதங்கள் வந்தன, அதனால் தனியாக எழுதிக் கொண்டோம் என்று.

அது எப்படி வேலை செய்கிறது? நம்ம ஊர் டீக்கடை மாஸ்டரை நினைத்துக் கொள்ளுங்கள். ஒருவர் 500 ரூபாய் நோட்டை நீட்டுகிறார். சில்லறை இல்லை. மாஸ்டரே கடையை விட்டு ஓடினால் மற்றவர்களுக்கு டீ கிடைக்காது. அவர் பையனை அனுப்பிவிட்டு ஆற்றுகிற வேலையைத் தொடர்கிறார். பையன் வந்ததும் யாருடைய சில்லறை என்று பார்த்துக் கொடுக்கிறார். ரெஸ்.சி செய்வதும் இதுதான். கேள்விக்கு ஓர் அடையாள எண் போட்டு அனுப்பி, "இந்த எண் இந்த ஆளுக்கு" என்று பட்டியலில் குறித்துக்கொண்டு, சர்வர் தன் சுற்றுக்குத் திரும்பி விடும். பதில் வந்தால் 'செலக்ட்' தட்டிச் சொல்லும். புதிதாக வந்தவர் மட்டும் வாசலில் நிற்பார். பழைய ஐ.ஆர்.சி. ஆட்களுக்கு, நுழையும்போது "உங்கள் ஹோஸ்ட் பெயரைத் தேடுகிறோம்" என்று ஆங்கிலத்தில் வரும் அந்த வரி ஞாபகம் இருக்கும். அது வாசலில் நிற்கிற நேரம்தான்.

இதற்கும் ஒரு விலை உண்டு. சில்லறை வருவதற்குள் வாடிக்கையாளர் கிளம்பிப் போய்விட்டால்? அரட்டைக்கு வந்தவர் பாதியில் துண்டித்துக்கொண்டு போயிருப்பார். அவருக்கான நினைவகம் விடுவிக்கப்பட்டிருக்கும். அந்த நேரம் பார்த்துப் பதில் வந்தால், இல்லாத இடத்தில் எழுதப் போய் சர்வரே சாய்ந்து விடும். அதனால் ஒருவர் வெளியேறும்போது அவர் பெயரில் நிலுவையில் இருக்கும் கேள்விகளை எல்லாம் அழிக்கும் வேலையும் சேர்ந்தது.

அடுத்தது, பையன் வேஷத்தில் வேறொருவன் வந்து கள்ளநோட்டு கொடுத்தால்? டி.என்.எஸ். கேள்வியின் அடையாள எண் 16 பிட், அதாவது 65,536 வாய்ப்புகள்தான். யூகிக்க முடிந்தால் பொய்ப் பெயரோடு நுழைந்து விடலாம். எண்ணுக்குக் கிடைத்த பெயரைத் திரும்பவும் எண்ணாக மாற்றி, இரண்டும் ஒத்துப் போகிறதா என்று சர்வர் சரிபார்ப்பது பொய்ப் பெயர்களைத் தடுக்கத்தான். ஆனால் பதிலையே ஒருவர் போலியாக அனுப்ப முடிந்தால் அந்தச் சரிபார்ப்பும் ஏமாறும். 2008-ல் டான் கமின்ஸ்கி இந்த 16 பிட் எவ்வளவு பலவீனம் என்று உலகத்துக்கே காட்டியபோது டி.என்.எஸ். எழுதியவர்கள் எல்லோரும் பதறினார்கள். நூலகத்தை நம்பாமல் சொந்தமாக எழுதினால் அதன் ஓட்டைகளை அடைப்பதும் சொந்தப் பொறுப்பாகி விடுகிறது.

ரெஸ்.சியின் பிற்கால வாழ்க்கையும் சுவாரசியம். அனுமதியில்லாமல் வினியோகிக்கக் கூடாது என்று அதன் தலைப்பிலேயே ரீட் எழுதி வைத்திருந்தார். ஹைபிரிட் சர்வர் குழுவினர் அதைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுதி, கடைசியில் பழைய நிரலில் எதுவுமே மிச்சமில்லை, இனி இது எங்கள் உரிமம் என்று தலைப்பை மாற்றினார்கள். அன்ரியல் சர்வர் சி-ஏரஸ் என்ற தனி நூலகத்தை எடுத்துக் கொண்டது. 2021-ல் தொடங்கிய லிபெரா சாட் பயன்படுத்தும் சொலானம் சர்வரில், இந்த வேலையைச் செய்வதற்கே தனிப் புரோகிராம் இருக்கிறது. அதற்குள் எட்டிப் பார்த்தால் கோப்பின் பெயர் இன்றும் ரெஸ்.சிதான்!

பிரச்சினையும் இன்னும் போகவில்லை. பழைய ஃபங்ஷன்களின் வாரிசான 'கெட்அட்ரின்ஃபோ' இன்றைக்கும் அழைத்தவரை நிறுத்தித்தான் வைக்கிறது. நோட் ஜேஎஸ் அதை நான்கு த்ரெட்கள் கொண்ட குழுவிடம் தள்ளி விடுகிறது. அந்தக் குழுவில் இடம் இல்லாவிட்டால் அடுத்த கேள்வி வரிசையில்தான் நிற்கும்.

என் லேப் புரோகிராமை ஒரு வழியாகச் சரி செய்து விட்டேன். பெயர் தேடும் வேலையைத் தனிப் புரோகிராமாகப் பிரித்து, நடுவில் ஒரு பைப் போட்டேன். மார்க் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் இப்போது எந்த ஃபங்ஷனை அழைத்தாலும் "இது கையருகே இருக்கும் கோப்பைப் படிக்கிறதா, ஊர் தாண்டிப் போய் யாரிடமாவது கேட்கிறதா?" என்று ஒரு தரம் பார்த்துக் கொள்கிறேன். அதன் பெயரிலிருந்து அது தெரியாது. 1983-ல் சரியாக இருந்த அதே பெயர்தான் 1986-க்குப் பிறகு எல்லோரையும் காக்க வைத்தது.