வரைபடத்தைக் கொடுத்துவிட்டுக் கருவியை விற்றவர்கள்

ஒரு கருவியைச் செய்யும் முறையை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, அதே கருவியை விலைக்கும் விற்க முடியுமா? முடியும் என்கிறது மின்னணு இசைக்கருவிகளின் வரலாறு.

1961 ஜனவரி. அமெரிக்காவில் 'எலெக்ட்ரானிக்ஸ் வேர்ல்டு' பத்திரிகையில் ராபர்ட் மூக் ஒரு கட்டுரை எழுதினார். தொடாமலே, காற்றில் கையசைத்து வாசிக்கும் தெரமின் கருவியை டிரான்சிஸ்டர் கொண்டு செய்யும் முறை அது. சர்க்யூட் படமும் இருந்தது. கூடவே உதிரிபாகங்களை ஒரு பெட்டியில் போட்டு 49.95 டாலருக்கு அவரே விற்றார். படம் கையில் இருந்தும் மக்கள் பெட்டியை வாங்கினார்கள். சிந்தசைசரால் அவர் உலகப் புகழ் பெற்றது அதற்குப் பிறகுதான்.

ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, பாரிஸில் எமிலி ஜிலே என்ற பொறியாளர் மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய தொடக்ககாலக் கருவியின் பெயர் நமக்குப் பழகிய பெயர்தான்: ஷ்ருதி-1. வாங்கியவரே பற்றவைத்துக்கொள்ளும் கிட்டாக அது விற்பனையானது. பின்னர் பிரெய்ட்ஸ், கிளவுட்ஸ், பிளாட்ஸ் என்று மாடுலர் சிந்தசைசருக்கான பகுதிகள் வந்தன. சர்க்யூட், மென்பொருள் நிரல் இரண்டையும் அவர் வெளியிட்டார். தன் நிறுவனத்தின் பெயரை மட்டும் பிறர் பயன்படுத்த விடவில்லை.

அப்படியும் ஏன் காசு கொடுத்து வாங்கினார்கள்? கணக்கு எளிது. ஒரே ஒரு கருவி செய்பவருக்கும் சர்க்யூட் போர்டு நாலைந்தாகத்தான் அச்சாகி வரும். பாகங்கள் சில்லறை விலை. கடுகளவு பாகங்களைப் பற்றவைக்க நிதானமான கை வேண்டும். முகப்புத் தகடு தனிச் செலவு. வேலை செய்யாவிட்டால் கேட்க ஆளில்லை. நூற்றுக்கணக்கில் செய்பவருக்கு ஒவ்வொன்றின் அடக்க விலையும் குறைகிறது; சோதித்தும் தருகிறார். ஆக, வாங்குபவர் விலை கொடுப்பது ரகசியத்துக்கு அல்ல, உழைப்புக்கும் நம்பிக்கைக்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பலர் அதே வடிவமைப்பைச் சிறிதாக்கி மலிவாக விற்றார்கள். 2019இல் வந்த ஆர்டூரியாவின் மைக்ரோஃப்ரீக்கில் பிளாட்ஸின் நிரல் இருந்தது. பெரிங்கரும் அதே நிரலை வைத்து 'பிரெயின்ஸ்' கொண்டுவந்தது. உரிமம் அனுமதித்ததால் இதில் சட்டப் பிழை இல்லை. ஆனால் ஒலியைத் தேடி உழைத்தவருக்கு அந்த விற்பனையில் பங்கு தர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

2022இல் ஜிலே நிறுவனத்தை மூடினார். மூடிய சர்க்யூட் என்றால், நிறுவனத்தோடு கருவியும் மறைந்திருக்கும். பழுதானால் பழைய பொருள் சந்தையில்தான் தேட வேண்டும். இங்கே நடந்தது வேறு. அவருடைய கருவிகளைப் பிறர் இன்றும் செய்கிறார்கள், பழுதும் பார்க்கிறார்கள்.

திறந்த வடிவமைப்பு விலையைக் குறைக்கும் என்பது பாதி உண்மைதான். அதன் பெரிய லாபம், செய்தவருக்குப் பின்னும் கருவி வாழ்வது. அதனால் இசைக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: மலிவானதைத் தாராளமாக வாங்குங்கள். ஆனால் முதலில் யோசித்தவர் இன்னும் கடை திறந்து வைத்திருந்தால், அங்கே ஒன்றாவது வாங்குங்கள்.